கை கட்டி நின்ற குற்றம்

அந்தத் தாளின் அடியில் ஒரு கோடு இருந்தது. கோட்டின் மேல் நான் கையெழுத்து வைத்தால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும், வேலை இருக்கும் என்றார்கள். வைக்காவிட்டால் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள், வேலை போகவும் கூடும் என்றார்கள். நான் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று அப்போது கேட்டவர்களுக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன் பிறகு சண்டை வந்து ஊரை விட்டு ஓடினோம். ஓடிய இடங்களில் பள்ளிக்கூடங்கள் இருந்தன, ஆனால் எனக்கு வேறு வேலைகள் இருந்தன. லண்டனுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. கிழக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போர்ட்டர் வேலை செய்கிறேன். வார்டில் இருக்கும் நோயாளியைக் கட்டிலோடு எக்ஸ்ரேக்கும் ஸ்கானுக்கும் தள்ளிக்கொண்டு போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது. இடுப்பில் ஒரு வோக்கி டோக்கி தொங்கும். அது எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போக வேண்டும்.

நான் கூச்சக்காரன். கல்யாண வீட்டில் யாராவது மைக்கைக் கையில் எடுத்தால், என்னைக் கூப்பிடப் போகிறார்களோ என்று கை கழுவும் பக்கம் போய்விடுவேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. இருந்தாலும் போய்விடுவேன். இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. சிலர் உயரம், சிலர் கட்டை, நான் கூச்சக்காரன்.

ஆனால் கட்டிலில் கிடக்கிறவர்களோடு எனக்குக் கூச்சம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், இடுப்பு உடைந்த ஒரு மனிதரை வாயே திறக்காமல் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட் வாசலில் ஒரு சின்னப் படி மாதிரி இருக்கும். கட்டில் சில்லு அதில் ஏறி இறங்கியதும் அவர் போட்ட சத்தம் அந்தத் தளம் முழுக்கக் கேட்டது. நோவை விட, எதிர்பாராமல் வந்ததுதான் அவரைக் கத்த வைத்தது என்று எனக்குப் பட்டது. அடுத்த நாளில் இருந்து எதுவும் நடப்பதற்கு முன்னால் சொல்லத் தொடங்கினேன். இப்போது ஒரு சின்னக் குலுக்கல். இப்போது திரும்புகிறோம். இங்கே கொஞ்சம் குளிரும். எல்லாம் சேர்த்து ஒரு பன்னிரண்டு ஆங்கில வசனங்கள் இருக்கும். இவ்வளவு காலமாக அவைதான் என் முழு ஆங்கிலம்.

அந்தப் பன்னிரண்டையும் எப்படிச் சொல்வது என்பதைக் கட்டில் தள்ளித்தான் கற்றுக்கொண்டேன். "ஓகே" என்ற ஒரே சொல்லைக் கேள்வி மாதிரி மேலே இழுத்துச் சொன்னால், ஏதோ ஆகப்போகிறது என்று அவர்களுக்குப் பயம் வரும். கீழே இறக்கி, முடிந்த காரியம் மாதிரிச் சொன்னால் தோள் தளரும். தலைமாட்டில் நின்று தள்ளுகிறவனை நோயாளியால் பார்க்க முடியாது. அதனால் முதலில் கால்மாட்டுப் பக்கம் போய், முழங்காலை மடித்து, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பின்னால் போவேன். ஒரு கையைக் கட்டில் கம்பியில் அவர்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வேன். தள்ளுவது ஒரு மனிதன் என்று தெரிய வேண்டும். சிலர் அந்தக் கையின் விரலைப் பிடித்துக்கொள்வார்கள். இதை எனக்கு ஒருவரும் வகுப்பில் வைத்துச் சொல்லித்தரவில்லை.

இவ்வளவு தெரிந்த எனக்குத் தெரியாமல் போன ஒன்று, நான் கையைக் கட்டினால் இங்கே அது என்னவாகத் தெரிகிறது என்பது.

ஒரு பின்னேரம் ஒரு வார்டுக்குக் கூப்பிட்டார்கள். எண்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. கீழே விழுந்து தொடை எலும்பு உடைந்திருந்தது. எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வேண்டும். அவரது மணிக்கட்டில் இருந்த பட்டியின் எண்ணும் என்னிடம் இருந்த துண்டின் எண்ணும் ஒத்துவரவில்லை. ஒத்துவராவிட்டால் கட்டிலை அசைக்கக் கூடாது. ஆள் மாறிப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நர்ஸ் புதிய பட்டி எடுத்துவரப் போனார். போனவர் வரவில்லை. நான் கட்டிலருகே நின்றேன்.

பாட்டியின் மகன் அங்கே இருந்தார். என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம். காலையில் இருந்து தாயோடு அலைந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "எவ்வளவு நேரம் இப்படியே நிற்கப் போகிறாய்?" என்று தொடங்கினார். பிறகு குரல் உயர்ந்தது. இந்த ஆஸ்பத்திரி, இந்த நாடு, காத்திருந்த மணித்தியாலங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து எனக்கு ஏச்சு விழுந்தது. நான் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கேட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏசினால் கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால், "என்ன, சண்டைக்கோ நிக்கிறாய்?" என்று கேட்டு இன்னும் இரண்டு அடி கூட விழும். பெரியவர்கள் முன்னால், கோயில் ஐயர் முன்னால், துக்கத்தில் இருக்கிறவர் முன்னால், எங்கேயும் அப்படித்தான். கையைக் கட்டினால் நீ சொல், நான் கேட்கிறேன், உனக்கு எதிராக இந்தக் கை எழும்பாது என்று பொருள். இது எனக்கு யோசித்து வருவதில்லை. ஏசும் குரல் காதில் விழுந்ததும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். தாய் நோவில் கிடக்கிறார், மகன் ஏசட்டும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று நினைத்தேன்.

"உனக்குக் காது கேட்காதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்பல்ல. கூச்சக்காரர்களுக்குத் தெரியும், என்ன செய்வது என்று தெரியாதபோது வாய் தானாக ஒரு பக்கம் இழுக்கும். அவர் முகம் சிவந்தது. "இது உனக்கு வேடிக்கையாக இருக்கிறதா?" என்றார். அந்த நேரம் நர்ஸ் பட்டியோடு வந்தார். நான் பாட்டியை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனேன். என் வசனங்களை வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாட்டி வழி முழுக்க என் விரலைப் பிடித்திருந்தார். மகன் பின்னால் வந்தார்.

அடுத்த கிழமை முறைப்பாடு வந்தது. என் தாய் வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது இந்த ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார், என் முகத்தைப் பார்க்க மறுத்தார், சிரித்தார் என்று எழுதியிருந்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மனேஜர் விசாரணைக்குக் கூப்பிட்டார். உயரமான, மிகவும் மரியாதையாகப் பேசும் ஒரு பெண். எனக்காக மொழிபெயர்க்க எங்கள் சூப்பர்வைசர் வந்தார். அவரும் தமிழர்தான். பன்னிரண்டு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்தவர். என்னை அண்ணை என்பார், நான் தம்பி என்பேன். மனேஜர் முறைப்பாட்டை வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும் வரை நான் அசையாமல் உட்கார்ந்து கேட்டேன். இடையில் அவர் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் தம்பி என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ?"

"ஏன் தம்பி?"

"கையைக் கட்டிக்கொண்டு நிண்டீங்கள் எண்டு கேஸ். அந்தக் கேஸை விசாரிக்கிற இடத்திலயும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறீங்கள்!"

நான் அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அது இன்னும் கட்டியபடியே இருந்தது.

"மரியாதைக்கெல்லோ கட்டினனான்," என்றேன்.

"ஆருக்கு மரியாதை? இஞ்ச கையைக் கட்டினால், போடா, உன்னை நான் கணக்கெடுக்கமாட்டன் எண்டு அர்த்தம். கண்ணைப் பாக்காட்டிக் கள்ளன். அந்த மனேஜர் மனுசி என்ன எழுதினவ தெரியுமோ? இந்த அறையிலயும் அதே மாதிரித்தான் நடக்கிறார் எண்டு எழுதினவ. நான் எட்டிப் பாத்தனான்."

"நீர் அவவுக்குச் சொல்லியிருக்கலாமே, எங்கட ஆக்கள் இப்பிடித்தான் எண்டு."

"சொன்னால் தப்பப் பாத்துச் சாட்டுச் சொல்லுறம் எண்டு நினைப்பினம் அண்ணை. விடுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது, அது என்னை உலுக்கிவிட்டது. இந்த நாட்டில் எத்தனை அறைகளில் நான் கை கட்டி இருந்திருக்கிறேன்? கவுன்சிலில், பெனிபிட் ஆபீஸில், வங்கியில். வந்த புதிதில் அகதி விசாரணையில் ஒரு மேசைக்கு முன்னால் மணிக்கணக்காகக் கை கட்டி, கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு பதில் சொன்னேன். முதல் தடவை என்னை நம்ப முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த அதிகாரி என்னைப் பார்த்து என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என் சொற்களை மொழிபெயர்க்க ஒருவரை வைத்திருந்தார்கள். என் கையை மொழிபெயர்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அது எனக்கு வழக்கமில்லாத ஒன்று. நல்லூர்க் கோயில் வாசலில் போலக் கைகூப்பி நின்றிருந்தால்கூட அது மரியாதை என்று இவர்களுக்குப் புரிந்திருக்கும். நான் எனக்குத் தெரிந்த உச்ச மரியாதையைக் கொடுத்திருக்கிறேன், அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டதுமில்லாமல் எனக்கே குற்றமாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி செய்யச் சொன்னார்கள். எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்று படம் படமாக வந்தது. ஒரு படத்தில் ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் மேல் சிவப்பில், பிழை என்று காட்ட, ஒரு பெரிய புள்ளடி. பக்கத்துப் படத்தில் உள்ளங்கையை விரித்துக்கொண்டு ஒருவன், அவனுக்குப் பச்சைச் சரி. கடைசியில் கேள்விகள். கை கட்டுவது பிழை என்ற விடையை அழுத்தினேன். பாஸ் என்று வந்தது. அந்த விடையில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. இந்த ஊரில் அது பிழையாகத் தெரியுமென்றால் நான் கட்டமாட்டேன். வீட்டுக்குள் செருப்புப் போடாதே என்றால் கழற்றுவதில்லையா, அது மாதிரி.

தகராறு அதற்குப் பிறகு வந்த, நான் முதலில் சொன்ன தாளில்தான். தம்பி எனக்காக ஆங்கிலத்தில் தட்டியெழுதி, மனேஜருக்கும் காட்டிச் சரிபார்த்து, என் கையில் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். அவர் ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நிற்கிறார். பத்தாம் வகுப்புவரை படித்தவர், ஆங்கிலம் என்னை விட நன்றாக வாசிப்பார். சமையலறை மேசையில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"இன்ன திகதி, இன்ன வார்டு, அது சரி... என்ர உடம்பு நடத்தையால நான் நோயாளியையும் அவையின்ர குடும்பத்தையும் அவமதிச்சன் எண்டு ஒத்துக்கொள்ளுறன். மன்னிப்புக் கேக்கிறன். இனி அப்பிடிச் செய்யமாட்டன். கீழ கையெழுத்து."

"அவமதிச்சன் எண்டோ கிடக்கு?"

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

"நான் அவமதிக்கேல்லை."

"தெரியுமப்பா. பேப்பர்தானே, வைச்சுக் குடுங்கோ. இந்த நாட்டில சொறி எண்டு மன்னிப்புக் கேக்கிறது தும்மல் மாதிரி. கடைக்கு வாற ஆக்கள் என்ர காலை மிதிச்சாலும் நானெல்லோ சொறி சொல்லுறன்."

"அப்ப தும்முறன். எத்தினை தரமெண்டாலும் தும்முறன். கையெழுத்து வைக்கேலாது."

அவர் தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருபத்தைஞ்சு வரியமா ஒரு கடைக்காரனிட்ட அழுகின தக்காளியைத் திருப்பிக் குடுக்க வாய் வராத மனுசன். உங்களுக்கு இப்ப எங்கயிருந்து வாய் வந்தது?"

"தக்காளி எண்டால் வேற வாங்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேலை போனால்?" என்றார். ஐந்தாம் வகுப்புப் படித்த, ஐம்பத்தொரு வயது மனிதனுக்கு லண்டனில் யார் புதிதாக வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? இரண்டு பேருக்கும் அது தெரியும். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

சோற்றைப் போட்டபடி அவர்தான் கேட்டார். "முறைப்பாடு எழுதின அந்தாளுக்குத் தெரியுமோ, பட்டி மாறினதாலதான் நிண்டனீங்கள் எண்டு?"

"நான் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"ஏசேக்க எப்பிடி இடையில கதைக்கிறது?"

"அப்ப அந்தாள் என்னண்டு நினைக்கும்? தாய் கத்துறா, இவன் சும்மா நிக்கிறான் எண்டுதானே நினைக்கும்?"

இது எனக்குச் சுட்டது. அவர் சொன்னது உண்மை. நோயாளிக்கு ஒவ்வொரு குலுக்கலையும் முன்கூட்டிச் சொல்கிற நான், பக்கத்தில் நின்ற மகனுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வரி சொல்லவில்லை. எண் மாறிவிட்டது, நர்ஸ் எடுத்துவரப் போயிருக்கிறார், அதுவரை அசைக்க முடியாது. இதற்கு என் ஆங்கிலம் போதும். நான் சொல்லவில்லை. பிழை அங்கே இருந்தது. அது என் பிழை. அதற்கு எந்தத் தாளிலும் கையெழுத்து வைப்பேன்.

அன்றே இருவரும் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். நான் தமிழில் சொல்ல, மனைவி ஆங்கிலத்தில் ஆக்க, நான் அதைப் பெரிய எழுத்தில் பார்த்து எழுதினேன். உங்கள் தாய் வலியில் இருந்தபோது ஏன் காத்திருக்கிறோம் என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை. மன்னியுங்கள். கை கட்டியது உங்களை மதித்து. அது இங்கே வேறாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இனிக் கட்டமாட்டேன். இவ்வளவுதான். நாலு தாளைக் கிழித்தபிறகு ஐந்தாவது சரிவந்தது.

இரண்டாவது தடவை மனேஜர் கூப்பிட்டபோது கடிதத்தைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனேன். கையை முழங்கால் மேல் வைத்தேன். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பாருங்கோ, அவைக்கு வித்தியாசம் தெரியாது என்று மனைவி சொல்லிவிட்டிருந்தார். நான் மனேஜரின் புருவத்தைப் பார்த்தேன். கறுப்புப் பென்சிலால் கீறிய அழகான புருவம். அதைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன்.

"நான் அவரை மதிச்சுத்தான் கை கட்டினனான். ஆனால் ஏன் நிக்கிறன் எண்டு அவருக்குச் சொல்லேல்லை. அது என்ர பிழை. அவமதிச்சன் எண்டு போட்டிருக்கிற வசனத்தை எடுத்தால் கையெழுத்து வைக்கிறன்."

தம்பி மனேஜரிடம் திரும்பி, அவர் மிகவும் வருந்துகிறார், தன் நடத்தை தவறு என்று புரிந்துகொண்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

என்னிடம் பன்னிரண்டு வசனங்கள்தான் இருக்கலாம். ஆனால் இருபது வருடம் கேட்ட காது இருக்கிறது. நான் சொன்னதில் அது எதுவும் இல்லை.

"தம்பி, நான் சொன்னதைச் சொல்லும்."

"அண்ணை, உங்களைக் காப்பாத்தத்தான் பாக்கிறன்."

"தெரியும். நான் சொன்னதைச் சொல்லும்."

"நீங்கள் சொன்னதைச் சொன்னால் வேலை போயிடும் அண்ணை!"

"என்ர வேலைதானே போகும்? உம்மடை இல்லையே."

மனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று தம்பியிடம் கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டேன். காலப்பிழை, எழுவாய்ப்பிழை எல்லாம் வந்திருக்கும். எங்கள் ஊரில் கை இப்படி என்றால் மரியாதை, என்று கட்டிக் காட்டினேன். வாத்தியாருக்கு. கோயிலில். உங்களுக்கும், போன முறை. இங்கே தெரியாது. இப்போது தெரியும். இனி இல்லை. அந்த அம்மாவுக்கு நோவு, எனக்குக் கவலை. மகனுக்குக் கடிதம் எழுதினேன், இதோ. ஆனால் இந்தச் சொல், இல்லை. தாளில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

மனேஜர் என் கடிதத்தை வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு முன்னால் சாய்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்து வைத்து, தலையை ஒரு பக்கம் சரித்து, பஞ்சு மாதிரியான குரலில் பேசினார். உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது என்றார். நீங்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி என்றார். ஆனால் குடும்பத்தினர் எப்படி உணர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம், இந்த வசனம் இல்லாமல் விஷயத்தை முடிக்க முடியாது, அப்படியென்றால் விசாரணைக் குழுவுக்குப் போகவேண்டியிருக்கும், அதன் முடிவு வேலைநீக்கமாகவும் இருக்கலாம் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பயிற்சிப் படத்தில் பச்சைச் சரி போட்டிருந்த அத்தனையும் அந்த உடம்பில் இருந்தது. விரித்த கை, கண்ணோடு கண், தாழ்ந்த குரல். அதே கையாலும் குரலாலும்தான், செய்யாததை ஒத்துக்கொள், அல்லது வீட்டுக்குப் போ என்று சொன்னார். என் கை கட்டியிருந்தது, மனதில் மரியாதை இருந்தது, அது குற்றம். அவர் கையை விரித்துக்கொண்டு சொன்னதற்கு எந்த முறைப்பாட்டுப் படிவத்திலும் இடம் இல்லை.

"நோ," என்றேன். மெல்லத்தான் சொன்னேன். கட்டிலில் கிடப்பவரிடம் ஓகே சொல்வது மாதிரி, கீழே இறக்கி.

விசாரணைக்கு நாள் வைத்தார்கள். அதுவரை வேலைக்குப் போனேன். தம்பி என்னோடு தேத்தண்ணி குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். போர்ட்டர்களின் அறையில் மற்றவர்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒருவர், இன்னொரு தமிழர், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அண்ணை, இப்ப நான் உங்களை மதிக்கிறனோ, மிதிக்கிறனோ?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மனைவி கடையில் கூடுதல் நேரம் கேட்டு வைத்தார். என்னிடம் சொல்லாமல்தான் கேட்டார். இரவில் இரண்டு பேரும் தூங்காமல் தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தோம். பயம் இருந்தது. பயத்தோடு முடிவை மாற்றாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில் அறிந்தேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த மனிதர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என் கடிதத்தை வாசித்தார். இந்த முறை ஆஸ்பத்திரி வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருந்தது. அவர் சென்னைப் பக்கத்துப் பெண். நான் சொன்னதை நான் சொன்னபடியே ஆங்கிலமாக்கினார். என் தயக்கம்கூட அவர் குரலில் வந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு அறையில் நான் சொன்னது சொன்னபடி மேசையில் விழுவதைக் கேட்டேன்.

நடுவில் இருந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார். நாளைக்கே இப்படி ஒருவர் ஏசினால் என்ன செய்வீர்கள்?

"கையைக் கீழ விடுவன். கிட்டப் போவன். நம்பர் மாறிப்போச்சு, நர்ஸ் புதுப் பட்டி எடுக்கப் போயிட்டா, அதுவரைக்கும் அசைக்கேலாது எண்டு சொல்லுவன். பேந்தும் ஏசினால் நிண்டு கேப்பன்."

"அந்தக் குடும்பத்தை அவமதித்தீர்களா?"

"இல்லை."

அவர் எழுதினார். இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. என்னை நீக்கவில்லை. ஒரு வருடத்துக்கு எழுத்து எச்சரிக்கை. குடும்பத்தினர் என் நடத்தையை அவமதிப்பாக உணர்ந்தார்கள் என்று எழுதியிருந்தது. நான் அவமதித்தேன் என்று எழுதியிருக்கவில்லை. மனைவி அந்த வரியை மூன்று தடவை வாசித்துவிட்டு, "உணர்ந்தினமாம்," என்றார். "உணரட்டும். அது அவையின்ர உரிமை," என்று அவரே சொன்னார். என் கடிதத்தை அந்த மகனுக்கு அனுப்பினார்களா என்று ஆபீஸில் கேட்டேன். அதை என்னிடம் சொல்ல முடியாது என்றார்கள்.

முதலில் தந்த அந்தத் தாளில் கையெழுத்து வைத்திருந்தால் எச்சரிக்கையே வந்திருக்காது. தம்பி இதைச் சொன்னார், மனைவியின் தமையன் போனில் சொன்னார், கோயிலில் கண்ட ஒருவர் சொன்னார். வீண் பிடிவாதம் என்றார்கள். இருக்கட்டும். ஒரு வருடத்துக்குள் வேறு ஏதாவது நடந்தால் என் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வருடத்தை நான்தான் விலை கொடுத்து வாங்கினேன்.

எச்சரிக்கைக் கடிதத்தின் பிரதியில் கையெழுத்து வைக்க மனேஜர் கூப்பிட்டார். இது ஒத்துக்கொண்டதற்கு அல்ல, கிடைத்தது என்பதற்கு மட்டும் என்று விளக்கினார். நான் பேனாவை வாங்கினேன். கோட்டுக்கு மேலே, பெரிய எழுத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். கிடைத்தது. ஒத்துக்கொள்ளவில்லை. அதன் கீழே கையெழுத்து வைத்தேன்.

"மன்னிக்கவும், அதில் நீங்கள் வேறு எதுவும் எழுதக் கூடாது," என்றார்.

"எழுதிவிட்டேன்," என்றேன். இந்த முறை புருவத்தைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தேன். அவர் தாளை எடுத்துப் பார்த்தார். அந்த இரண்டு வரியையும் வாசித்தார். அதைக் கோப்பில் வைக்கப் போனார்.

"எனக்கும் ஒரு பிரதி வேண்டும்," என்றேன்.

அவர் எழுந்து போட்டோக்கொப்பி மெஷினுக்குப் போனார். தாள் சூடாக வெளியே வந்தது. நான்காக மடித்து உள்பொக்கற்றில் வைத்துக்கொண்டேன்.